பேய்க்குக் குரல் கொடுத்த பிக்வான்

பிக்வானை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கேட்டிருப்பீர்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஹாங்காங்கில் மாதம் ஒரு பேய்ப் படமாவது வந்துகொண்டிருந்தது. எல்லாவற்றிலும் ஒரே கதைதான். வழிப்போக்கர்கள் நாலு பேர் மழைக்கு ஒதுங்கப் பாழடைந்த சத்திரத்துக்குள் நுழைவார்கள். பின்னாலிருந்து ஒரு பெண் பேய் கூப்பிடும். எவனாவது ஒரு மடையன் பதில் சொல்வான், தீர்ந்தான். அந்தக் கூப்பிடும் குரல் எங்கள் பிக்வானுடையது. திரையில் தலைமுடியை முன்னால் போட்டுக்கொண்டு நிற்பவள் ஏதாவது அழகிப் போட்டியில் ஜெயித்தவளாக இருப்பாள். அவளைச் சொந்தக் குரலில் பேசவிட்டால் மீன் சந்தையில் பேரம் பேசுகிற மாதிரி இருக்கும்.

அந்தக் காலத்தில் படப்பிடிப்பில் ஒலியைப் பதிவு செய்ய மாட்டார்கள். தலைக்கு மேல் விமானம் போய்க்கொண்டே இருக்கிற ஊரில் எதைப் பதிவு செய்வது? நடிகர்கள் சும்மா வாயசைப்பார்கள். சிலர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார்கள். சிலர் சிரித்த முகத்தோடு டைரக்டரின் பரம்பரையையே திட்டுவார்கள். பிறகு டோ குவா வான் பேட்டையில் ஜன்னலில்லாத ஓர் அறையில் நாங்கள் ஆறேழு பேர் உட்கார்ந்து எல்லாருக்கும் குரல் கொடுப்போம். எனக்குக் கிழவி வேடம். மாமியார், சத்திரக்காரி, சூனியக்காரி எல்லாம் நான்தான். முப்பது வயது நிறையாதபோதே ஸ்டூடியோவில் எனக்குக் கிழவி என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை, படத்தில் கிழவிகள்தான் கடைசிவரை பிழைத்திருப்பார்கள்.

பிக்வானின் பேய்க்குரலில் ஒரு வித்தை இருந்தது. மற்ற பெண்கள் பேய் என்றால் கத்துவார்கள், இழுத்துப் பேசுவார்கள். இவள் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே பேசுவாள். மனிதர்கள் பேசும்போது மூச்சு வெளியே வரும் அல்லவா, இவளுக்கு வார்த்தை உள்ளே போகும். கேட்டால் முதுகுத்தண்டு சில்லிடும். எப்படிக் கற்றுக்கொண்டாய் என்று ஒருநாள் கேட்டேன்.

"தண்ணில கத்துக்கிட்டேன். அங்க மூச்ச வெளிய விட்டா முழுகிடுவ" என்றாள்.

அவள் நீந்தி வந்தவள். சீனப் பெருநிலத்திலிருந்து விரிகுடாவைத் தாண்டி இந்தக் கரைக்கு நீந்தி வந்தவர்கள் எங்கள் ஊரில் ஏராளம், ஆளுக்கு ஒரு கதை வைத்திருப்பார்கள். பிக்வான் தம்பியோடு கிளம்பியவள். அப்பா அம்மா இல்லை, ஊரில் சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை. தம்பிக்குப் பதினாறு வயது. அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஹோங்ஜாய், தவிட்டுப்பயல் என்று பொருள். நல்ல பெயர் வைத்தால் பேய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று இப்படி எதையாவது வைப்பார்கள். காற்றடைத்த பந்து ஒன்றைப் பிடித்துக்கொண்டு அக்காளும் தம்பியும் இருட்டில் நீந்தியிருக்கிறார்கள். காவல் படகின் விளக்கு திரும்பியபோது இரண்டு பேரும் முங்கினார்கள். எழுந்து பார்த்தால் பந்து இல்லை, தம்பியும் இல்லை. படகு பக்கத்திலேயே நின்றது. வாயைத் திறந்தால் இரண்டு பேரும் மாட்டிக்கொள்வார்கள். அதனால் அவள் கூப்பிடவில்லை. படகு போன பிறகு கூப்பிடக் குரல் வரவில்லை. சிப்பி வளர்க்கும் சேற்றில் கால் பாதத்தைக் கிழித்துக்கொண்டு கரையேறினாள்.

அதன் பிறகு தேடாத இடமில்லை. போலீஸ், ஆஸ்பத்திரி, பிணக்கிடங்கு, நீந்தி வந்தவர்கள் கூடும் டீக்கடை என்று எல்லா இடத்திலும் கேட்டாள். பிணமும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. இதில்தான் அவள் வாழ்க்கையே சிக்கிக்கொண்டது.

சீனக் கணக்கில் ஏழாம் மாதத்தில் செத்தவர்களுக்கு எல்லாரும் நடைபாதையில் காகிதத் துணி, காகிதச் செருப்பு, காகிதப் பணம் எரிப்பார்கள். பிக்வானும் வருஷா வருஷம் ஓர் ஆண்பிள்ளைக் காகிதச் சட்டை வாங்குவாள். பிஸ்கட் தகரத்தில் நெருப்பு எரியும், அவள் சட்டை இருக்கும் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்பாள். செத்தவனுக்கு எரிக்காவிட்டால் அவன் அங்கே கந்தலோடும் பசியோடும் அலைவான். உயிரோடிருப்பவனுக்கு எரித்தால் அவனை நாமே அந்தப் பக்கம் தள்ளிவிட்டதாக ஆகும். அவனுக்கு எது என்று இவளுக்குத் தெரியாது. நெருப்பு அணைந்ததும் பையோடு வீட்டுக்குத் திரும்பிவிடுவாள்.

"ஏண்டி, ஒண்ணு எரி, இல்ல வாங்காத. காசுக்குப் புடிச்ச கேடு" என்று திட்டுவேன்.

"உன் தம்பியா இருந்தா என்ன பண்ணுவ கிழவி?" என்பாள்.

எனக்குத் தம்பி கிடையாது. இருந்திருந்தாலும் பதில் தெரிந்திருக்காது. பேயில் எனக்கு நம்பிக்கை இல்லை, சம்பளம் வாங்கும் நேரம் தவிர. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் எனக்குச் சோறு இறங்காது.

எங்கள் ஸ்டூடியோவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பேயின் வாயால் நிஜமான மனிதரின் பெயரைச் சொல்லக் கூடாது. எழுத்தாளர் எழுதித் தரும் பொய்ப் பெயரைத்தான் சொல்ல வேண்டும். பேய் பேசி முடித்ததும் ஒலிப்பதிவாளர் குண்டு லோ மைக்கில் அவளை அவள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். "இங்கதான் இருக்கேன்" என்று அவள் பதில் சொல்ல வேண்டும். பிறகு தோஷம் கழியக் காசு வைத்த சிவப்பு உறை அவள் கைக்கு வரும். சொல்லிச் சிரிப்போம், ஆனால் ஒருவரும் அதைத் தவறவிட்டதில்லை.

அந்தப் படத்தின் டைரக்டர் பெயர் மாக். எப்போது பார்த்தாலும் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் மனிதர். கதை பழைய கதைதான். வியாபாரிகள் கூட்டம் ஆற்றைக் கடக்கிறது, ஆற்றில் மூழ்கிச் செத்தவள் தனக்குப் பதிலாக ஒருவனை உள்ளே இழுக்கக் காத்திருக்கிறாள். கரையில் பின்தங்கி நடக்கும் இளைஞனை அவள் கூப்பிட வேண்டும். படத்தைத் துண்டாக வெட்டி, இரண்டு முனையையும் ஒட்டி வளையமாக்கி மெஷினில் மாட்டியிருந்தார்கள். இளைஞன் நடக்கிறான், நிற்கிறான், மறுபடி நடக்கிறான், மறுபடி நிற்கிறான். ஓடிக்கொண்டே இருந்தது.

எழுதியிருந்தபடி "ஐயா, ஐயா" என்று பிக்வான் கூப்பிட்டாள். மாக் கையை ஆட்டினார்.

"வான் அக்கா, இது வேணாம். ஐயான்னா எவன் பயப்படுவான்? ஹோட்டல்ல பில்லு குடுக்கக் கூப்பிடற மாதிரி இருக்கு. அவன் அம்மா கூப்பிட்ட பேரு, சின்ன வயசுப் பேரு, அத கூப்பிடுங்க."

"என்ன பேரு?"

"ஏதோ ஒண்ணு. வாய்க்கு வந்தத சொல்லுங்க. பேய் மூஞ்சிதான் முடியில மூடியிருக்கே, எதச் சொன்னாலும் பொருந்தும்."

சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் அந்தப் பையன் தண்ணீரோரம் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தான். பிக்வான் மூச்சை உள்ளே இழுத்தாள்.

"ஹோங்ஜாய்."

நான் அடுத்த மைக்கில் வெற்றிலை மெல்லும் சத்திரக்காரியாக நின்றுகொண்டிருந்தேன். அத்தனை வருஷம் அவளோடு வேலை செய்தும் அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. உள்ளே போன மூச்சில் ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை கூப்பிட்டாள். அன்றைக்குத் தண்ணீரில் கூப்பிடாமல் விழுங்கியது அது என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஓடிப் போய் அவள் வாயைப் பொத்தத் தோன்றியது, கால் நகரவில்லை.

விளக்கு அணைந்தது. குண்டு லோ கண்ணாடிக்குப் பின்னாலிருந்து குடும்பப் பெயரோடு முழுசாகக் கூப்பிட்டார். "தாம் பிக்வான்."

அவள் பதில் சொல்லவில்லை.

"தாம் பிக்வான். விளையாடாதீங்க. பதில் சொல்லுங்க."

நான் போய்த் தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் "இங்கதான் இருக்கேன்" என்றாள். சிவப்பு உறையை வாங்காமல் நேராக மாக்கிடம் போனாள்.

"டைரக்டர், அந்தப் பேர எடுத்துடுங்க. வேற பேர்ல திரும்பப் பண்ணித் தரேன். பணம் வேணாம்."

"அக்கா, எனக்கே மயிர்க்கூச்செறியுது. இத எடுக்கச் சொல்றீங்க? போய் டீ குடிங்க."

"அது என் தம்பி பேரு."

"உங்க தம்பி கொடுத்துவெச்சவன், சினிமால வரான்" என்று சொல்லிவிட்டு அவர் நாற்காலியிலேயே கண்ணை மூடிக்கொண்டார். அந்த மனிதரைச் செருப்பால் அடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அவருக்கு என்ன தெரியும்?

டீக்கடையில் பிக்வான் கோப்பையைத் தொடவே இல்லை. எனக்குப் புரிய வைப்பது போல மெதுவாகச் சொன்னாள்.

"அவன் செத்திருந்தா, நான் கூப்பிட்டதுக்கு எழுந்து வருவான். படம் எத்தன கொட்டகைல ஓடுதோ அத்தன தடவ வரணும். உயிரோட இருந்தா இன்னும் மோசம். பேயோட வாயால அவன் பேரச் சொல்லிட்டேன். எங்கயாவது உட்காந்து படம் பாத்து, தெரியாத்தனமா ஒரு வார்த்த பதில் சொல்லிட்டான்னா?"

"பதில் சொன்னா காசு குடுத்த படத்துக்கு நல்லா பயந்தான்னு அர்த்தம். சாப்பிடுடி."

"நீ நம்ப மாட்ட."

"நான் எத நம்பறேன்னு எனக்கே தெரியாது. பன்னு ஆறுது, சாப்பிடு."

படம் வெளிவந்தது. நன்றாகவே ஓடியது. பிக்வான் ஒவ்வொரு கொட்டகையாகப் போய்ப் பின்வரிசையில் உட்கார ஆரம்பித்தாள். படத்தைப் பார்க்க அல்ல. தன் குரல் வரும்போது இருட்டில் யாராவது பதில் சொல்கிறார்களா என்று கேட்க. யாரும் சொல்லவில்லை. சொல்ல மாட்டார்கள், எங்கள் ஊரில் அந்த விஷயம் பால்குடி மறக்காத குழந்தைக்கும் தெரியும். முதுகுக்குப் பின்னால் யார் கூப்பிட்டாலும் ஆளைப் பார்க்காமல் வாயைத் திறக்கக் கூடாது.

அப்போதுதான் குண்டு லோ ஒருநாள் சிரித்துக்கொண்டே ஸ்டூடியோவுக்குள் வந்தார். "கிழவி, கேட்டியா? ஷாம் ஷூய் போ கொட்டகைல ஒரு பைத்தியக்காரன் தினம் மத்தியானக் காட்சிக்கு வரானாம். நம்ம பேய் கூப்பிட்டா பதில் சொல்றானாம். ஜனங்க அலறி எழுந்து ஓடறாங்களாம். மாக் ஒரே குஷில இருக்கார், பேப்பர்ல போடணும்ங்கறார்."

பிக்வான் கையிலிருந்த தாள்களைக் கீழே வைத்தாள். அவள் உதடு வெளுத்திருந்தது.

"ஆளப் பாத்தாங்களா, குரல மட்டும் கேட்டாங்களா?"

லோ சிரிப்பதை நிறுத்தினார். "அத நான் கேக்கல அக்கா."

மறுநாள் மத்தியானம் நானும் அவளும் போனோம். தனியாகப் போக மாட்டேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று அவளுக்கே தெரியவில்லை. பதில் சொல்வது பைத்தியக்காரன் என்றால் எல்லாம் பழையபடி. ஆளில்லாத நாற்காலியிலிருந்து குரல் வந்தால் தம்பி செத்துவிட்டான். வாசலில் கரும்பும் சுட்ட கணவாய் மீனும் விற்றுக்கொண்டிருந்தார்கள். நான் கணவாய் வாங்கினேன், பயந்தால் எனக்குப் பசிக்கும். உள்ளே பாதிக்கு மேல் காலி.

அந்தக் காட்சி வந்தது. பையன் ஆற்றோரம் நடந்தான். பிக்வான் இரண்டு கையாலும் என் முழங்கையை இறுக்கினாள். திரையிலிருந்து அவள் குரல் மூச்சை உள்ளே இழுத்துக் கூப்பிட்டது.

"ஹோங்ஜாய்."

முன்னால் எங்கோ இருட்டிலிருந்து ஓர் ஆண்குரல் வந்தது. பைத்தியக்காரக் குரல் இல்லை. வீட்டில் அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னது.

"வரேன் அக்கா."

என் கணவாய் கீழே விழுந்தது. நாலைந்து பேர் எழுந்து ஓடினார்கள். ஒரு பெரியம்மா இருட்டில் கத்தினாள். "யார்ரா அவன், வாய மூடு. சாகப் போறியா?"

"ஹோங்ஜாய்" என்றது பேய்.

"இதோ வரேன்" என்றது அந்தக் குரல்.

படம் முடிந்து விளக்கு போடும்வரை பிக்வான் கண்ணைத் திறக்கவே இல்லை. நான்தான் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். தொழிற்சாலை நீலச் சட்டை, முப்பதுக்குள் வயது, இப்போதே ஏறு நெற்றி. மடியில் ஒரு பை. ஆள் இருக்கிறான் என்று பிக்வானிடம் சொன்னேன். அவள் எழுந்தாள். அவனும் எழுந்து திரும்பினான்.

வெளியே மாடிப்படியில்தான் இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். கட்டிப்பிடிப்பார்கள், அழுவார்கள் என்று நான் கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டேன். அவன் கிட்டவே வரவில்லை. குனிந்து அவள் காலடியைப் பார்த்தான். ஜன்னல் வெயிலில் நிழல் விழுகிறதா என்று பார்த்தான். விழுந்தது. அப்போதும் அவன் ஓர் அடி பின்னால்தான் நின்றான்.

"அக்கா, நான் அனுப்பினதெல்லாம் வந்துச்சா?" என்றான்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிக்வானுக்கு விளங்கிவிட்டது.

"எனக்காடா எரிச்ச?"

"வருஷா வருஷம். வீட்ல செத்தவங்களுக்கு வெக்கிற பலகை உன் பேர்ல வெச்சிருக்கேன். என் பொண்டாட்டி காலைல ஊதுபத்தி ஏத்தறா. நீ அன்னிக்கு என்னைக் கூப்பிடவே இல்லையே. எப்பவும் கத்திக்கிட்டே இருக்கிறவ ஒரு தடவ கூட கூப்பிடல. அதான் நீ போயிட்டன்னு நினைச்சேன். என்னைப் புடிச்சுத் திருப்பி அனுப்பிட்டாங்க, ரெண்டு வருஷம் கழிச்சுதான் திரும்ப வந்தேன். வந்ததும் மொதல்ல உனக்குத்தான் எரிச்சேன்." அவன் பையைத் திறந்து காட்டினான். உள்ளே ஒரு ஜோடி காகிதச் செருப்பு. "படத்துல கூப்பிட்டது உன் குரல்னு தெரிஞ்சுது. என்னை எடுத்துக்க நீ வந்துட்டன்னு நினைச்சேன். சரி, போகலாம்னு பதில் சொன்னேன்."

"நான் சாகலடா. படத்துக்குக் குரல் குடுத்தேன், அவ்வளவுதான். எனக்கு ஒண்ணும் வரல."

அவன் முகம் மாறியது. "வந்துச்சே. கனவுல வந்து சொன்னியே. முடியெல்லாம் நனஞ்சு, அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டு, செருப்பு சின்னதா இருக்கு, சேறு ஏறுதுன்னு சொன்னியே. அதுக்குத்தான் வருஷா வருஷம் பெரிசா வாங்கினேன்."

"மூஞ்சியப் பாத்தியா?"

"காட்டல."

படிக்கட்டில் நல்ல வெயில். கீழே கரும்புக்காரன் விலை கூவிக்கொண்டிருந்தான். ஆனாலும் எனக்குப் பிடரியில் குளிர்ந்தது. இத்தனை வருஷம் பிக்வானின் பெயரில் போன சோற்றையும் துணியையும் வாங்கிக்கொண்டது யார்? அந்தத் தண்ணீரில் போனவர்கள் ஒருத்தியா, இரண்டு பேரா? அக்காளும் தம்பியும் படியில் உட்கார்ந்துவிட்டார்கள், இடையில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு.

அவன் பையை மூடிக்கொண்டே கேட்டான். "நீ எனக்கு என்ன அனுப்பின?"

பிக்வான் தலையைக் குனிந்துகொண்டாள். அவ்வளவு கூசிப்போய் அவளை நான் பார்த்ததில்லை. "ஒண்ணுமே அனுப்பலடா. வாங்குவேன், எரிக்க மனசு வராது. எல்லாம் கட்டிலுக்குக் கீழ கெடக்கு. ஒரு சட்டை கூட அனுப்பல."

அவன் அவளையே பார்த்தான். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். பெரிய ஆள், தொழிற்சாலையில் வேலை செய்கிறவன், பெண்டாட்டி இருக்கிறாள், பதினாறு வயதுப் பையன் போலக் குலுங்கிக் குலுங்கி அழுதான். "நான் மொத வருஷமே எரிச்சுட்டேனேக்கா. கரை ஏறின கையோட எரிச்சுட்டேனே."

பிக்வான் நகர்ந்து உட்கார்ந்து அவனைத் தோளோடு சேர்த்துக்கொண்டாள். எனக்கும் கண் நிறைந்தது, கைக்குட்டை எனக்கே பயன்பட்டது. உள்ளே அடுத்த காட்சி எப்போது தொடங்கியது என்று நாங்கள் கவனிக்கவில்லை. கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து ஆற்றின் சத்தம் வந்தது. அதன் மேல் பிக்வானின் குரல், மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு.

"ஹோங்ஜாய்."

அழுகைக்கு நடுவே, பழக்கத்தில், அவன் வாய் திறந்தது. பிக்வான் சட்டென்று உள்ளங்கையால் அதைப் பொத்தினாள். மூன்று முறை கூப்பிட்டு முடியும்வரை கையை எடுக்கவே இல்லை.